ஜப்பானிய மொழியில் நடுங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்குப் போன முதல் குளிர்காலத்திலேயே எனக்குக் காய்ச்சல் வந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு சின்ன கிளினிக்குக்குப் போய், உடம்பெல்லாம் உதற, "ஸமுய் தெ³ஸு" என்றேன். "குளிருது" என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. வரவேற்பில் இருந்த அம்மா, "ஆமாம், இன்றைக்குக் குளிர் ஜாஸ்திதான்" என்று சொல்லி ஹீட்டரைக் கூட்டி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. நான் நோயைச் சொல்லவில்லை, வானிலையைச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது இந்த நடுக்கச் சொல் சேகரிப்பு. இப்போது நானே நாலு பேருக்கு ஜப்பானிய மொழி சொல்லித் தருகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவையும் அதற்கு நான் சொல்லும் பதில்களும் கீழே.

சொற்களுக்கு நடுவே இந்தச் சின்ன ³ எதற்கு?

ஸ்தோத்திரப் புத்தகங்களில் "க³ணபதி" என்று அச்சிட்டிருப்பார்களே, அதே ஏற்பாடுதான். தமிழில் "பம்பரம்" என்று எழுதும்போது முதல் ப-வும் இரண்டாம் ப-வும் ஒரே எழுத்து, ஒலி வேறு. எது எங்கே வரும் என்பது நமக்குத் தானாகவே தெரிந்துவிடுகிறது. ஜப்பானிய மொழியில் அப்படித் தெரியாது. அந்த இரண்டு ஒலிகளுக்கும் வெவ்வேறு எழுத்து உண்டு, ஒலி மாறினால் பொருளும் மாறும். அதனால் "பம்பரம்" என்பதில் இரண்டாவதாக வரும் ப-வை ப³ என்று எழுதுகிறேன். க³, த³ அப்படியே. ஸ³ என்பது நமக்கு இல்லாத ஒலி. ஸ சொல்லிக்கொண்டே தேனீ மாதிரி ரீங்காரம் சேர்த்தால் வந்துவிடும். எண் இல்லாத க, த, ப எல்லாம் சொல்லுக்கு நடுவில் வந்தாலும் "அக்கா"வில் உள்ள க போல வல்லோசைதான். ச வந்தால் "பச்சை"யில் உள்ள ச.

ஜப்பானியர்களும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறார்கள். க எழுத்தின் தோளில் இரண்டு சின்னக் கோடு போட்டால் க³. தமிழில் எண், அங்கே கோடு.

இதில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். கடுங்குளிரில் உடம்பு உதறுவதற்கான சொல் "க³தக³த". எண்ணை விட்டுவிட்டுப் படியுங்கள். நம்ம ஊர் "கதகதப்பு" வந்து நிற்கும்.

எனக்கு ஒரே ஒரு சொல் போதும். "நடுங்கு" என்பதற்கு என்ன?

ஃபுருஎரு. குளிரோ, பயமோ, கோபமோ, வயசோ, எதனால் நடுங்கினாலும் இந்த வினைச்சொல் தாங்கும். கை நடுங்குகிறது என்றால் "தெ க³ ஃபுருஎரு". குரல் நடுங்குகிறது என்றால் "கொஎ க³ ஃபுருஎரு". இப்போது நடுங்கிக்கொண்டிருக்கிறது என்றால் "ஃபுருஎதெ இரு", மரியாதையாக "ஃபுருஎதெ இமஸு". நடுக்கம் என்ற பெயர்ச்சொல் வேண்டுமானால் கடைசி ரு-வை வெட்டிவிட்டு "ஃபுருஎ". ஃபு-வை உதட்டைக் கடிக்காமல், அகல் விளக்கை ஊதி அணைப்பது போல ஊதிச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் மற்ற சொற்கள் எல்லாம் எதற்கு?

வினைச்சொல் ஒன்றுதான் என்பதாலேயே. நடுங்கினான் என்று மட்டும் சொன்னால் ஜப்பானியர் காதுக்குச் செய்தி பாதிதான். எந்த உறுப்பு, எதனால், எவ்வளவு பலமாக என்ற மூன்றும் அந்த வினைக்கு முன்னால் வருகிற இரட்டைச் சொல்லில்தான் இருக்கிறது. நாமும் "நடுங்கினான்" என்று நிறுத்துவதில்லையே. வெடவெடவென்று, கிடுகிடுவென்று, நடுநடுங்கி என்று ஒன்றைச் சேர்க்கிறோம். ஆனால் நமக்கு அது பெரும்பாலும் அழுத்தம். அவர்களுக்கு அது தகவல்.

பு³ருபு³ரு, க³தக³த, க³குக³கு, வனவன: எதை எப்போது சொல்வது?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான், நான் அதிகம் ரசித்துச் சொல்வதும் இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பு³ருபு³ரு என்பது சின்னச் சின்னதாக, வேகமாக, விடாமல் நடுங்குவது. நனைந்துவிட்டு வந்த பிள்ளை, குளத்தில் இருந்து ஏறிய நாய், பேச மேடையேறியவர் கையில் உள்ள தாள். குளிருக்கும் பயத்துக்கும் பொது. சந்தேகம் வந்தால் இதைச் சொல்லுங்கள், பெரிதாகத் தப்பாகாது.

க³தக³த அதைவிடப் பலம். அடிப்படையில் இது ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம், பழைய வண்டி கல்ரோட்டில் போகும் சத்தம். அந்தச் சத்தத்தை உடம்புக்குக் கொண்டுவருகிறார்கள்: எலும்போடு எலும்பு மோதுகிற அளவுக்கு உதறல். குளிர் ஜுரத்தில் மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடுகிறதே, அது க³தக³த. இதே சொல்லை வைத்து "க³தக³த யூ ந" என்று யாராவது உங்களிடம் சொன்னால் குளிரைப் பற்றிப் பேசவில்லை. "சும்மா தொணதொணன்னு பேசாதே" என்று அதட்டுகிறார்.

க³குக³கு மூட்டுக்கு உரியது. முழங்கால், சில சமயம் தாடை. பூட்டு கழன்ற மாதிரி மூட்டு தன் இஷ்டத்துக்கு ஆடுவது. உயரமான தொங்குபாலத்தில் பாதி தூரம் போய்க் கீழே பார்த்தால் முழங்கால் க³குக³கு. உதடு க³குக³கு என்று நடுங்காது. உதட்டில் மூட்டு ஏது?

உதட்டுக்கும் கைக்கும் வனவன இருக்கிறது. இது குளிருக்கு அவ்வளவாக வராது. அடக்க முடியாத கோபம், அதிர்ச்சி, அச்சம் ஆகியவற்றுக்குத்தான் அதிகம் வரும். கடிதத்தைப் பிரித்துப் படித்தவரின் விரல்கள் வனவன என்று நடுங்கின என்று கதைகளில் வரும். பேச்சைவிட எழுத்தில் அதிகம். இதற்கு உறவான "வனனகு" என்ற பழைய வினைச்சொல்லை, சீனத்தில் இருந்து வந்த எழுத்தான கன்ஜியில் எழுதும்போது போரைக் குறிக்கும் அதே எழுத்தைப் பயன்படுத்துகிறார்கள். போர் என்றால் நடுக்கம் என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்?

க³சிக³சி பல்லுக்கு. நாம் "பல் தந்தியடிக்குது" என்போமே, அந்தச் சத்தம். ஆனால் ஒரு மனிதர் முழுசாக க³சிக³சி என்றால் பல் சமாச்சாரம் இல்லை. நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருப்பவர் போல விறைத்துப்போயிருக்கிறார்.

பி³குபி³கு என்பதை நடுக்கம் என்று பலர் தப்பாகப் படித்து வைத்திருக்கிறார்கள். இது எந்த நேரத்தில் என்ன வருமோ என்று மனசு திக்திக்கென்று இருப்பது. உடம்பு ஆடவேண்டும் என்று அவசியமில்லை. எண் இல்லாத பிகுபிகு வேறு: கண்ணிமை துடிப்பது, கரையில் போட்ட மீனின் செவுள் துடிப்பது.

எண் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் ஒன்று. இதற்கு விதி உண்டா?

பெரும்பாலும் உண்டு. கனத்த ஒலி வந்தால் பெரியது, பலமானது, கொஞ்சம் கரடுமுரடானது. மெல்லிய ஒலி வந்தால் சின்னது, லேசானது, சமயத்தில் அழகானது. க³தக³த பெரிய உதறல். கதகத என்றால் கொதிக்கும் பாத்திரத்தின் மூடி லேசாகத் தட்டிக்கொள்வது, கீபோர்டில் விரல் ஓடுவது. பு³ருபு³ரு குளிர் நடுக்கம்; புருபுரு என்றால் தட்டில் கவிழ்த்த கேரமல் புட்டிங் ததும்புவது. முகத்துக்குப் பூசும் க்ரீம் விளம்பரங்களில் "புருபுரு தோல்" என்று வரும். அங்கே யாரும் நடுங்கவில்லை, கன்னம் அவ்வளவு மெத்தென்று இருக்கிறதாம். ஆனால் தண்டால் எடுத்து எடுத்துக் கை சோர்ந்து மெலிதாக நடுங்கினால் அதற்கும் புருபுருதான்.

இன்னொரு சங்கதி. இன்றைய ஹ வரிசை மிகப் பழைய ஜப்பானிய மொழியில் ப-வாக ஒலித்தது என்பது மொழியியலாளர்கள் பொதுவாக ஒப்புக்கொண்டது. ஃபுரு, பு³ரு, புரு மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று காதே சொல்லிவிடும்.

வாக்கியத்தில் எப்படிப் பொருத்துவது?

தமிழ் தெரிந்தவர்களுக்கு இது இலவசமாகக் கிடைத்த பாடம். "பு³ருபு³ரு தொ ஃபுருஎரு." நடுவில் உள்ள தொ என்ன? "அவர் வருகிறேன் என்றார்" என்பதில் வருகிற "என்று"தான். ஒருவர் பேச்சை எடுத்துச் சொல்லும் அதே ஒட்டைத்தான் ஜப்பானியரும் இங்கே போடுகிறார்கள். நாமும் "வெடவெட என்று நடுங்கினான்" என்கிறோம். உடம்பு "வெடவெட" என்று சொல்லிக்கொண்டு நடுங்குகிறது, நாம் அதை மேற்கோள் காட்டுகிறோம். இரண்டு மொழிக்கும் ஒரே புத்தி. என் வகுப்பில் இதைச் சொன்ன அன்றே எல்லோருக்கும் பிடிபட்டுவிடும்.

பேச்சில் தொ-வை விட்டுவிடலாம். "பு³ருபு³ரு ஃபுருஎதெரு" என்று போய்விடுவார்கள்.

இரட்டைக்கிளவி மாதிரிதானே? பிரிக்கக் கூடாதுதானே?

பாதி சரி. "இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா" என்று தொல்காப்பியம் விதி சொல்கிறது. வெடவெட என்பதில் ஒரு வெட-வை மட்டும் எடுத்தால் பொருள் இல்லை. ஜப்பானியச் சொற்கள் பிரியும். பிரிந்தால் அர்த்தம் மாறும், அவ்வளவுதான்.

பு³ருபு³ரு என்றால் நடுக்கம் தொடர்கிறது. பு³ருத்தொ என்றால் ஒரே ஒரு தரம், சட்டென்று உதறி முடிந்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் குளிர்காற்று அடிக்கிறது, உடம்பு ஒரு முறை சிலிர்க்கிறது: பு³ருத்தொ. பு³ருரி என்றாலும் ஒரு முறைதான், கொஞ்சம் நிதானமாக, எழுத்துநடையில். மற்றவையும் இப்படித்தான்: பி³குபி³கு பயந்துகொண்டே இருப்பது, பி³குத்தொ ஒரு தரம் திடுக்கிடுவது. நம்மிடம் "படபட", "படக்கென்று" என்ற ஜோடி இருக்கிறதே, அந்தக் கணக்கு.

குளிரில் நடுங்கினான், குளிரால் நடுங்கினான். இரண்டும் உண்டா?

உண்டு. "ஸமுஸ நி ஃபுருஎரு", "ஸமுஸ தெ³ ஃபுருஎரு". நி நம்முடைய "இல்" போல, தெ³ "ஆல்" போல. தெ³ காரணத்தைச் சொல்லிவிட்டு நகர்கிறது, நி அந்த உணர்ச்சிக்குள்ளேயே ஆளை வைக்கிறது. கோபத்தில் நடுங்கினான் என்று கதை எழுதினால் "இகரி நி ஃபுருஎரு" தான் நன்றாக இருக்கும்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

என் கதையைப் படித்தீர்கள். ஸமுய் என்றால் அறை குளிர்கிறது, ஊர் குளிர்கிறது. காய்ச்சலுக்கு முன்னால் உள்ளே இருந்து கிளம்புகிற குளிருக்கு "ஸமுகெ க³ ஷிமஸு" என்று சொல்ல வேண்டும். நடுக்கம் நிற்கவில்லை என்றால் "ஃபுருஎ க³ தொமரிமஸென்". முதுகுத் தண்டில் குளிர் ஊர்கிறது என்பதற்கு "ஸொ³குஸொ³கு ஷிமஸு". கிளினிக்கில் முதலில் நிரப்பச் சொல்லும் தாளில் "ஒகன்" என்று கன்ஜியில் ஒரு கட்டம் இருக்கலாம். அதுவும் இந்தக் குளிர் நடுக்கம்தான், டாக்டர் பாஷையில். கேட்ட சொல்லாக இல்லையே என்று தாண்டிப் போகாமல் டிக் போடுங்கள்.

ஒரு வேடிக்கை: ஸமுகெ என்பதை எழுதும் அதே இரண்டு கன்ஜியை "கன்கி" என்றும் படிக்கலாம். அப்படிப் படித்தால் வானிலை அறிக்கையில் வரும் குளிர்காற்று. அந்த வரவேற்பு அம்மாவும் நானும் மோதிக்கொண்ட இடம் எழுத்திலேயே இருக்கிறது.

கை நடுக்கத்துக்கு "தெ க³ ஃபுருஎமஸு" போதும். மருத்துவர்கள் "ஷின்ஸென்" என்பார்கள். ஆனால் வலிப்பை ஃபுருஎரு என்று சொல்லிவிடாதீர்கள். அது "கேய்ரென்". சின்னக் குழந்தைக்கு ஜுரத்தில் வரும் வலிப்பை வீட்டில் "ஹிகித்ஸுகெ" என்பார்கள். ஆம்புலன்ஸுக்கு 119 அழைக்கும்போது இந்த வேறுபாடு முக்கியம்.

நிலநடுக்கத்தையும் ஃபுருஎரு என்று சொல்லலாமா?

கூடாது. இதில் எல்லோரும் ஒரு தரமாவது விழுவார்கள், ஏனென்றால் எழுத்து நம்மை ஏமாற்றும். நிலநடுக்கம் "ஜிஷின்": நிலம் என்ற கன்ஜியும் நடுக்கம் என்ற கன்ஜியும். தமிழ்ச் சொல்லும் அதே கட்டுமானம்தான். அந்த இரண்டாவது கன்ஜிதான் ஃபுருஎரு எழுதுவதற்கும். 15 கோடுகள், மேலே மழை, கீழே கடிகாரம் வருவதற்கு முன் நேரமும் ஆண்டும் குறித்த பன்னிரண்டு குறிகளில் டிராகனுக்கு உரியது. பழைய சீனத்தில் இடி விழுந்து பொருள்கள் அதிர்வதைக் குறித்த எழுத்து.

ஆனால் நிலநடுக்கத்தில் வீடு ஃபுருஎரு ஆகாது, "யுரெரு" ஆகும். ஆடுவது. மரம், படகு, தொங்கும் விளக்கு எல்லாம் யுரெரு. அலுவலகத்தில் திடீரென்று யாராவது "யுரெதெரு!" என்றால் மேஜைக்குக் கீழே போகத் தயாராகுங்கள். பெரிதாக ஆட்டம் போட்டால் அதற்கு இரட்டைச் சொல் "கு³ரகு³ர". விழப்போகிற பால்பல்லுக்கும் அதுவேதான்.

அப்புறம் அந்தக் கன்ஜி ஜப்பானில் வாழ்பவர் கண்ணில் தினமும் படும். ஷின்கெ³ன் என்றால் நடுக்கம் கிளம்பிய இடம், யொஷின் பின்னதிர்வு, தைஷின் நடுக்கத்தைத் தாங்கும் கட்டடத் தன்மை. வாடகைக்கு வீடு பார்க்கும்போது கட்டடம் 1981 ஜூனில் வந்த புதிய தைஷின் விதிக்கு முந்தியதா பிந்தியதா என்று கேட்பது அங்கே சாதாரணம். டிவியில் வருவது ஷின்தொ³, அதாவது நீங்கள் நிற்கும் இடத்தில் எவ்வளவு ஆடியது என்ற அளவு. 0-இல் தொடங்கி 7-இல் முடிகிறது, ஆனால் படிகள் எட்டு இல்லை, பத்து. 1996-இல் 5-ஐயும் 6-ஐயும் மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ரிக்டர் என்று நாம் பேப்பரில் படிக்கிற எண்ணோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த எண் ஒரு நடுக்கத்துக்கு ஒன்று. ஷின்தொ³ ஊருக்கு ஊர் மாறும். 2011 மார்ச் 11 நடுக்கத்தின் அளவு 9.0, மியாகி மாவட்டத்தின் குரிஹராவில் ஷின்தொ³ 7 பதிவானது. அதற்கப்புறம் பல பேருக்கு ஒன்றும் ஆடாதபோதும் ஆடுவது போலவே இருந்தது. அதற்கும் சொல் வைத்திருக்கிறார்கள்: "ஜிஷின்யொய்". யொய் என்றால் போதை, கப்பல் பிரயாணத்தில் வரும் தலைசுற்றலும் அதுதான்.

மனசுக்கு வரும்போது இந்த இரண்டு வினைகளும் அழகாகப் பிரிந்துகொள்கின்றன. "கொகொரொ க³ யுரெரு": மனம் ஊசலாடுகிறது. "கொகொரொ க³ ஃபுருஎரு": உள்ளம் சிலிர்க்கிறது.

பேய்ப் பயத்துக்கு எது?

ஸொ³த்தொ. முதுகு சில்லிட்டு, பிடரி மயிர் நிற்கிற அந்த ஒரு நொடி. "ஸொ³த்தொ ஷித" என்றால் அப்படியே சில்லிட்டுப் போனேன். ஜப்பானில் பேய்க்கதைக்குச் சீசன் கோடைக்காலம். புழுக்கத்தில் வேர்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஸொ³த்தொ என்று ஒரு குளிர் வந்தால் நல்லதுதானே என்கிறது கணக்கு. ஏசி இல்லாத காலத்துக் கணக்கு, ஆனாலும் இன்றைக்கும் ஆகஸ்ட் வந்தால் பேய் வீட்டுக் கொட்டகைகளில் கூட்டம்தான்.

இந்தச் சில்லிப்புக்கு ஒரு பேயே இருக்கிறது, அதன் பெயரே பு³ருபு³ரு. தொரியாம ஸெகிஎன் என்ற ஓவியர் 1779-இல் வெளியிட்ட பேய்ப் படத்தொகுப்பில் வரைந்திருக்கிறார். மனிதன் பயப்படும்போது இது வந்து சட்டைக் கழுத்துப் பக்கம் ஒட்டிக்கொள்ளுமாம், அதனால்தான் அங்கே சில்லிடுகிறதாம். ஸொ³ஸொ³க³மி என்றும் கோழைச் சாமி என்றும் அதற்கு வேறு பெயர்கள் உண்டு என்று அவரே குறித்து வைத்திருக்கிறார்.

ஒரு கண்ணி: "ஸொ³த்தொ ஷினய்" என்றால் "பயமில்லை" என்று நினைப்பீர்கள். இல்லை. "அப்படியொன்றும் பிரமாதமில்லை, பிடிக்கவில்லை" என்று பொருள். ஜப்பானியர்களிலேயே பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஸொ³குஸொ³கு நல்லதா கெட்டதா?

இரண்டும். காய்ச்சல் குளிரும் அதுதான், ஆட்டம் கடைசி ஓவருக்குப் போகும்போது உடம்பில் ஓடும் கிளர்ச்சியும் அதுதான். இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக ஆட்கள் வந்து சேர்வதற்கும் ஸொ³குஸொ³கு என்று ஒரு சொல் உண்டு, அது கன்ஜியில் எழுதப்படும் வேறு சொல்.

புல்லரிப்பதற்கு?

"தொரிஹத³ க³ தத்ஸு." தொரி பறவை, ஹத³ தோல்: இறகு பிடுங்கிய கோழியின் தோல் மாதிரி ஆவது. நாம் சாமி ஊர்வலத்திலும் புல்லரிப்போம், நல்ல பாட்டைக் கேட்டும் புல்லரிப்போம். ஜப்பானியச் சொல்லுக்கு அடிப்படை குளிரும் பயமும் அருவருப்பும்தான். இன்றைக்கு இளைஞர்கள் கச்சேரி கேட்டுவிட்டும் தொரிஹத³ என்கிறார்கள். கேட்டு முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். என் அபிப்பிராயம்: நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள், வயதான வாத்தியாரின் கச்சேரியைப் பாராட்ட மட்டும் வேறு சொல் தேடுங்கள்.

மரபுத்தொடர்கள் ஏதாவது?

எனக்குப் பிடித்தது "ஹிஸ³ க³ வரஉ". முழங்கால் சிரிக்கிறது! மலை இறங்கும்போது கால் வெலவெலத்துப் போய்ச் சொன்ன பேச்சு கேட்காமல் ஆடுமே, அது. பயத்துக்கு இதைச் சொல்ல மாட்டார்கள், களைப்புக்குத்தான். 3,776 மீட்டர் ஃபுஜி மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை என்பது, முழங்கால் சிரிக்கச் சிரிக்க இறங்கியவர்களுக்குத் தெரியும்.

"ஹ நொ நெ க³ அவனய்" என்றால் பல்லின் வேர்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நம்ம தந்தியடிப்புதான், குளிருக்கும் பயத்துக்கும்.

"முஷபு³ருய்" என்பது போர்வீரன் நடுக்கம். களத்தில் இறங்குமுன் வீரத் துடிப்பில் வருவது, பயத்தில் இல்லை. இன்றைக்கு இதன் உண்மையான உபயோகம் வேறு. தேர்வு அறை வாசலில் கை நடுங்கிக்கொண்டிருப்பவன் நண்பனிடம், "இது முஷபு³ருய்தான்" என்று சமாளிப்பான். நண்பனும் நம்பின மாதிரி தலையாட்டுவான்.

தோள் குலுங்க அழுதாள் என்று எழுத வேண்டும்.

"கத ஒ ஃபுருவஸெதெ நகு." தானாக நடுங்குவது ஃபுருஎரு, ஓர் உறுப்பை நடுங்க விடுவது ஃபுருவஸெரு. தமிழில் தோளுக்கு "குலுங்க" என்ற தனிச் சொல் கிடைக்கிறது, அங்கே நடுங்கு வினையே போதும். அழுவதற்கு மட்டுமல்ல: சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்று தோள் குலுங்குகிறவரையும் இதே சொல்லால் எழுதலாம்.

காலாட்டுவதற்குக்கூடச் சொல் இருக்கிறதாமே?

இருக்கிறது, நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். "பி³ன்போ³யுஸுரி": தரித்திர ஆட்டம். உட்கார்ந்துகொண்டு தொடையை ஆட்டும் பழக்கத்துக்கு இதுதான் பெயர். ஏழை குளிரில் நடுங்குவது போலத் தெரிவதால் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். "காலாட்டாதேடா" என்று திட்டு வாங்கி வளர்ந்தவன் நான். தோக்கியோ ரயிலில் பக்கத்தில் ஒருவர் ஆட்டினால் இன்றைக்கும் அம்மாவின் குரல் கேட்கும். சமீப காலமாக இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு இதே ஆட்டத்தை உடற்பயிற்சியாகச் சிபாரிசு செய்யும் மருத்துவர்களும் ஜப்பானில் இருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை.

போன் அதிர்வது?

அதற்கும் ஃபுருஎரு, பு³ருபு³ரு. ஆனால் ரயிலில் "போனை மானர் மோடில் வையுங்கள்" என்பார்கள். சத்தம் போடாத நிலைக்கு ஜப்பானில் அதுதான் பெயர்.

சாட்டில் "க³குபு³ரு" என்று வந்தது. திட்டா?

திட்டில்லை. க³குக³கு, பு³ருபு³ரு இரண்டையும் வெட்டி ஒட்டியது. "ஐயோ, கை கால் உதறுது" என்று விளையாட்டாகச் சொல்வது. முதலாளிக்கு அனுப்பும் மெயிலில் வேண்டாம்.

இந்த இரட்டைச் சொற்களைப் பேசினால் குழந்தைத்தனமாகத் தெரியாதா?

தெரியாது. படித்த பெரியவர்கள் டாக்டரிடமே "ஸொ³குஸொ³கு" என்றுதான் சொல்கிறார்கள். இவை இல்லாமல் பேசினால்தான் பாடப்புத்தகம் நடந்து வருவது போல இருக்கும். அறிக்கை, ஆய்வுக் கட்டுரை, அலுவலகக் கடிதம் இவற்றில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். செய்தித்தாளில் நாட்டையே நடுங்கவைத்த குற்றம் என்று எழுத "ஷின்கன்" என்ற கனமான கன்ஜிச் சொல் இருக்கிறது.

வட்டார வழக்கில் ஏதாவது?

வடகோடித் தீவான ஹொக்கைதோ³ பக்கம் போனால் "ஷிப³ரெரு" கேட்கும். நடுக்கம் இல்லை, எல்லாம் உறைந்துபோகிற அளவு குளிர். அங்கேதான் அஸஹிகவா ஊரில் 1902 ஜனவரி 25 அன்று பூஜ்யத்துக்குக் கீழே 41.0 டிகிரி பதிவானது. அந்தக் குளிருக்கு நம் "குளிருது" எந்த மூலைக்கு?

ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வுக்கு இதில் எவ்வளவு படிக்க வேண்டும்?

2010-இல் தேர்வை மாற்றியமைத்ததில் இருந்து அதிகாரபூர்வமான சொற்பட்டியலை அவர்கள் வெளியிடுவதில்லை. அதனால் "இது இந்த நிலைக்கு" என்று அடித்துச் சொல்லும் பட்டியல்களை நம்பிப் பயப்படாதீர்கள். ஃபுருஎரு, யுரெரு, ஸமுகெ மூன்றும் கட்டாயம். இரட்டைச் சொற்களில் பு³ருபு³ரு, க³தக³த, ஸொ³த்தொ. மீதியை ஜனவரியில் ஒரு தரம் அங்கே போய் நின்றால் உடம்பே கற்றுக்கொள்ளும்.